மூன்று ரெலோங், நான்கு பிள்ளைகள்: தோட்டத்து ஊரில் நிலம் பிரிக்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் எங்கள் மாவட்டத்து உள்ளூர்த் திட்டத்தின், அதாவது எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று நிறம் போட்டுக் காட்டும் திட்டத்தின், வரைவை நகராண்மைக் கழக மண்டபத்தில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மண்டபத்தில் மூன்று பேர் இருந்தோம்: மேசைக்குப் பின்னால் ஓர் இளம் அதிகாரி, வாசலில் காவலாளி, நான். அதற்கு மூன்று நாள் முன்னால், சனிக்கிழமை மாலை, மாரியம்மன் கோயில் திடலில் இதே வரைவைப் பற்றித் தொண்டை கட்டும்வரை பேசியவர்கள் அறுபது பேராவது இருப்பார்கள். அந்த அறுபதில் ஒருவர் பெயர்கூட வருகைப் புத்தகத்தில் இல்லை. புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அன்று மத்தியானமே இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் மலேசியாவின் தெற்குக் கெடாவில், பழைய ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. இப்போது பால்மரம் குறைந்து செம்பனை ஆகிவிட்டது. நான் உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரின் ஆபீசில் 26 வருடம் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் ‘சர்வே அக்கா’ என்பார்கள். நிலத்தை அளந்தது முதலாளி. பாரம் நிரப்பி, கவுண்டரில் நின்று, திட்டு வாங்கியது நான்.

திடலில் நடந்த சண்டை இதுதான். தோட்டத்துச் சாலையின் இரண்டு பக்கமும் உள்ள ஐம்பது அறுபது ஏக்கரை விவசாயத்திலிருந்து குடியிருப்புக்கு மாற்றலாம் என்கிறது வரைவு. இரண்டு மூன்று ரெலோங் (கெடாவின் நில அளவு, ஒன்று முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு) வைத்திருப்பவர்களுக்குச் சந்தோஷம். பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், வீடு கட்டலாம். தாமான்காரர்களுக்கு, அதாவது பக்கத்து வீடமைப்புப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு, வயிற்றெரிச்சல், இப்போதே ஒரு மணி நேரம் மழை பெய்தால் கால்வாய் நிரம்பி வீட்டு வாசல்வரை தண்ணீர் வருகிறது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மிச்சம் இருக்கும் ஏழெட்டுக் குடும்பங்களுக்கு வேறு பயம். நிலத்துக்கு விலை ஏறினால் கம்பெனி விற்றுவிடும், அப்புறம் நாம் எங்கே போவது? மூன்று தரப்பும் ‘தளர்வு’ என்ற ஒரே சொல்லைத்தான் வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். சிறு நிலக்காரர் தளர்வு என்றால் மகனுக்கு ஒரு வீடு என்று நினைக்கிறார். வீடமைப்புக் கம்பெனிக்காரர் தளர்வு என்றால் ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடு என்று நினைக்கிறார். சட்டத்தின் காகிதத்தில் இரண்டும் ஒரே நிறம்.

‘துண்டாடல்’ என்ற சொல்லைச் சொல்லித்தான் வளர்ந்தோம் நாங்கள். 1950, 60-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். வேலையும் போய், லயமும் போய், சட்டி பானையோடு ரோட்டுக்கு வந்தவர்கள் நம் ஆட்கள். அதைப் பார்த்துத்தான் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்க வைத்தார். இன்றைக்கும் 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற வேண்டுமானால், தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். லயத்துக் குடும்பங்கள் இந்தப் பிரிவு எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவின் மூன்று ரெலோங்கும் ஒரு துண்டாடலில் வந்ததுதான். அவர் வேலை செய்த தோட்டத்தை வெட்டி விற்றபோது, அம்மா கட்டி வந்த சீட்டுப் பணத்தைப் போட்டு, சாலை ஓரத்தில் ஒரு நீளத் துண்டை வாங்கினார். அதைத்தான் இப்போது நான், அண்ணன், இரண்டு தம்பிகள் என நான்கு பேர் பிரிக்கப் பார்க்கிறோம். துண்டாடலைத் திட்டிக்கொண்டே துண்டு போட நிற்கிற குடும்பம்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஆபீஸ் இரண்டு, காகிதமும் இரண்டு

26 வருடத்தில் நான் அதிகம் பார்த்த குழப்பம் இதுதான். கவுன்சில், அதாவது நகராண்மைக் கழக, வரைபடத்தில் நிலம் குடியிருப்பு நிறத்தில் இருக்கும். உடனே ‘நிலம் வீட்டு நிலமாகிவிட்டது’ என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள். ஆகவில்லை.

வரைபடம் 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் வருவது. அதை 172-ஆம் சட்டம் என்பார்கள். அந்தப் பக்கத்தைக் கவனிப்பது நகராண்மைக் கழகம். உங்கள் கையில் இருக்கும் கிரான், அதாவது நிலப் பட்டா, தேசிய நிலச் சட்டத்தின் கீழ் வருவது. அது 1966-லிருந்து அமலில் உள்ளது. அதைக் கவனிப்பது மாவட்ட நில அலுவலகம், அதாவது பெஜாபாட் தானா. வரைபடம் ‘இங்கே வீடு வரலாம்’ என்கிறது. கிரான் ‘இந்த நிலம் இதற்குத்தான்’ என்கிறது. கிரானில் விவசாயம் என்று இருக்கும்வரை, வரைபடம் என்ன நிறத்தில் இருந்தாலும் அது விவசாய நிலம்தான். மறுபக்கமும் அப்படியே: வரைபடம் பச்சையாக, அதாவது விவசாய நிறத்தில், இருந்தால், நில அலுவலகத்தில் எவ்வளவு கெஞ்சினாலும் கோப்பு நகராது. இரண்டு பூட்டு, இரண்டு சாவி.

ஆகவே முதலில் கிரானை எடுத்து விளக்கின் கீழ் வைத்துப் படியுங்கள். பீரோவில் இருக்கும் நகலை நம்ப வேண்டாம். நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி, இன்றைய தேதியில் ஒரு தேடல் எடுங்கள்; ‘சாரியான்’ என்று கேட்டால் போதும். அதில் பார்க்க வேண்டியவை:

முதலில் பெயர். பாதி வீடுகளில் வேலை இங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் கிரானில் இன்னும் தாத்தா பெயர் இருக்கும். இறந்தவர் பாரத்தில் கையெழுத்துப் போட முடியாது. முதலில் ‘புசாகா கெச்சில்’, அதாவது சிறு சொத்து வாரிசுப் பிரிவு, பக்கம் போய் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். எங்களுக்கு இதற்கே பதினான்கு மாதம் ஆனது. அண்ணன் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. ஓர் எழுத்துக்கு நான்கு மாதம்.

அடுத்து ‘கத்தகோரி’. விவசாயம், கட்டடம், தொழில் என்று மூன்று வகை உண்டு. அதற்குக் கீழே ‘ஷாரத் ஞாத்தா’, அதாவது வெளிப்படையாக எழுதிய நிபந்தனை. எங்கள் கிரானில் ரப்பர் என்றே எழுதியிருக்கிறது. அதற்கும் கீழே ‘செக்காத்தான் கெபெந்திங்ஙான்’, கைமாற்றத்துக்கு உள்ள தடை. மாநில அரசின் சம்மதம் இல்லாமல் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்று ஒரே வரியில் எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் முன்பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக, வங்கிக் கடன் ஏதும் பதிவாகியிருக்கிறதா, நில வரி பாக்கி உண்டா என்று பாருங்கள். பாக்கி இருந்தால் பிரிப்பு விண்ணப்பம் ஏறாது. கடன் இருந்தால் வங்கியின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

கணக்கைப் போட்டுவிட்டுக் கனவு காணுங்கள்

கெடாவில் நாம் ரெலோங் என்போம். கிரானில் ஹெக்டேர் இருக்கும். புரோக்கர் ஏக்கரில் பேசுவார், வீட்டுக்காரர் சதுர அடியில் கேட்பார். ஒரு ரெலோங் என்பது 0.711 ஏக்கர், சதுர மீட்டரில் சுமார் 2,878. எங்கள் மூன்று ரெலோங் 8,633 சதுர மீட்டர், அதாவது 0.86 ஹெக்டேர்.

நான்கால் வகுத்தால் ஆளுக்கு 2,158 சதுர மீட்டர். அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். தம்பி கால்குலேட்டரில் இதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் படம் வரையத் தொடங்கிவிட்டான்.

நிலச் சட்டத்தின் 136-ஆவது பிரிவு குறுக்கே வந்தது. விவசாய வகை நிலத்தைப் பிரித்தால், ஒவ்வொரு துண்டும் ஒரு ஹெக்டேரில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது. அதாவது 4,000 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒரு ஏக்கர். எங்கள் நிலத்தை விவசாய நிலமாகவே வைத்துப் பிரித்தால் இரண்டு துண்டுதான் வரும். நான்கு பிள்ளைகள் இருக்கிறோம். தோட்டத்து ஊரில் முக்கால்வாசிக் குடும்பத்தின் பிரச்சினை இந்த ஒரு கணக்குதான். அப்பாக்கள் வாங்கியது இரண்டு மூன்று ரெலோங், பெற்றது நான்கு ஐந்து பிள்ளை.

அப்படியானால் வகையைக் கட்டடம் என்று மாற்ற வேண்டும். அதைத்தான் ‘துக்கார் ஷாரத்’ என்கிறோம். மாற்றினால் ஒரு ஏக்கர் வரம்பு விலகும். பதிலுக்கு வேறு இரண்டு வரும். ஒவ்வொரு துண்டுக்கும் முறையான வழி இருக்க வேண்டும். அடுத்தவர் நிலத்தின் வழியாக ஒற்றையடிப் பாதையில் போய்க்கொள்கிறோம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் நிலம் சாலையோரம் 50 மீட்டர் அகலம், உள்ளே 172 மீட்டர் நீளம். பக்கவாட்டில் 40 அடிச் சாலை கேட்டார்கள் என்றால், 12 மீட்டர் அகலத்தில் அதுவே 2,000 சதுர மீட்டருக்கு மேல் தின்றுவிடும். கால் பங்கு நிலம் தாருக்குப் போகிறது. திறந்தவெளிக்குப் பத்து விழுக்காடு விடச் சொன்னால் இன்னும் 863. மிச்சத்தை நான்காக்கினால் ஆளுக்குச் சுமார் 1,400 சதுர மீட்டர். தம்பி வரைந்த படத்திலிருந்து முதலில் மீன் குளம் போனது.

நிலம் நீளமாக இல்லாமல் சாலையோரம் அகலமாக இருந்தால், நான்கு துண்டும் சாலையைப் பார்க்கலாம், உள் சாலையே வேண்டாம். எனவே பிரிக்க நினைக்கும்போதே அளவையாளரிடம் ஒரு கோட்டுப்படம் போட்டுப் பாருங்கள். எங்கள் ஆபீசில் வருகிறவர்கள் முதலில் கேட்பது ‘எவ்வளவு செலவு’. முதலில் கேட்க வேண்டியது ‘சாலை எங்கே’.

வகை மாற்றம் வேண்டாம், நான் என் விவசாய நிலத்தில் எனக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டு இருக்கிறேன் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 115-ஆவது பிரிவு விவசாய நிலத்தில் நிலக்காரர் குடியிருக்க ஒரு வீடு கட்டுவதைத் தடுக்கவில்லை. ஆனாலும் கட்டட வரைபட அனுமதியைக் கவுன்சிலிடம் வாங்க வேண்டும். ஒரு வீட்டுக்கு இது போதும். நான்கு தனிக் கிரானுக்குப் போதாது.

அந்த நான்கு வாரம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

உள்ளூர்த் திட்டம், ரான்சாங்கான் தெம்பாத்தான், தயாரானதும் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பத்திரிகையில் அறிவிப்புப் போட வேண்டும். ஆட்சேபமோ கருத்தோ சொல்ல நான்கு வாரத்துக்குக் குறையாமல் நேரம் கொடுக்க வேண்டும். 172-ஆம் சட்டத்தின் 13-ஆவது பிரிவு இது. அப்புறம் ஆட்சேபங்களைக் கேட்க ஒரு குழு உட்காரும். அதன்பின் மாநில அளவில் அங்கீகாரம், அரசாங்கப் பதிவேடு, முடிந்தது. அடுத்த பல வருடத்துக்கு அதுதான் வேதம். திட்டத்துக்கு முரணாகக் கவுன்சில் அனுமதி கொடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

இப்போது ஊரில் யாரும் சொல்லாத இன்னொரு பிரிவு. 21(6). உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பித்தால், பக்கத்து நிலக்காரர்களுக்குக் கவுன்சில் கடிதம் அனுப்ப வேண்டும், 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். எல்லையை ஒட்டியவர்கள், 20 மீட்டருக்கு மேற்படாத சாலைக்கோ கால்வாய்க்கோ அந்தப் பக்கம் இருப்பவர்கள், முட்டுச் சந்தானால் 200 மீட்டருக்குள் இருப்பவர்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்த வாசகத்தை மறுபடி படியுங்கள்: உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில். திட்டம் பதிவேட்டில் வந்துவிட்டால் இந்தப் பிரிவின்படி கடிதம் கேட்க உங்களுக்கு வழியில்லை. திட்டம் வரைவாக இருந்தபோதே பேசியிருக்க வேண்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. பலகை நட்டபின், புல்டோசர் வந்தபின் கோயில் திடலில் கூட்டம் போட்டால் நெஞ்சுதான் வலிக்கும்.

தலைநகரில் தாமான் ரிம்பா கியாரா பூங்காவைக் காப்பாற்றவில்லையா என்று கேட்பீர்கள். காப்பாற்றினார்கள். 2017-இல் வழக்குப் போட்டு, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்தக் கட்டுமான அனுமதி ரத்தானதை உறுதி செய்தது. ஆறு வருடம், மூன்று நீதிமன்றம். அங்கே கூட்டரசுப் பிரதேசத்துக்குத் தனிச் சட்டம் வேறு. நமக்கு நான்கு வாரமும் ஒரு தபால்தலையும் மலிவு.

எனக்கும் இதில் ஒரு கறை உண்டு. முந்தின உள்ளூர்த் திட்டத்தின் வரைவு வந்தபோது நான் சர்வே ஆபீசில்தான் இருந்தேன். வாடிக்கையாளர்களுக்காகப் பதினோரு ஆட்சேபக் கடிதம் நானே தட்டச்சு செய்தேன். அப்பா நிலம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒரு நிமிடம் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சையாகவே பதிவேட்டுக்குப் போனது. தையல்காரி வீட்டில் கிழிந்த சட்டை என்பது இதுதான். அண்ணன் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளிக்கு வந்தால் நிலத்தைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வருவார், அவ்வளவுதான்.

மண்டபத்துக்குப் போகும்போது கிரான் நகலைக் கொண்டுபோங்கள். லாட் எண், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) பெயர் இரண்டும் தெரிந்தால்தான் வரைபடத்தில் உங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். ‘கோயிலுக்குப் பின்னால், பெரிய புளியமரம் பக்கத்தில்’ என்றால் அந்த அதிகாரிப் பையனுக்கு என்ன தெரியும்? திட்டமிடல் துறையின் ஐ-பிளான் இணையத்தளத்திலும் நிலப் பயன்பாட்டைப் பார்க்கலாம். ஆனால் வரைவை மண்டபத்தில் பார்ப்பதே நல்லது. பக்கத்து லாட் என்ன நிறம், கால்வாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலை வைத்துப் பார்க்கலாம். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வரைபட எண்ணும் தெரிகிற மாதிரி.

நிறத்தைப் பார்த்ததோடு வந்துவிடக் கூடாது. கூட வைத்திருக்கும் தடித்த புத்தகத்தில் அடர்த்தி எழுதியிருக்கும், ஏக்கருக்கு எத்தனை வீடு என்று. எங்கள் பட்டைக்கு 12 என்று போட்டிருந்தது. அந்தப் பட்டை ஐம்பது ஏக்கர் என்று வைத்தாலும் அறுநூறு வீடு. அதே ஒற்றைத் தோட்டத்துச் சாலை, அதே கால்வாய். நான்கு வீடு என்று போட்டிருந்தால் எங்கள் குடும்பத்துக்கு எட்டு வீடு வரும், பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து. சிறு நிலக்காரரும் தாமான்காரரும் சண்டை போட வேண்டிய இடம் நிறம் அல்ல, இந்த எண். திடலில் இரண்டு மணி நேரத்தில் ஒருவர் வாயிலும் இந்த எண் வரவில்லை.

கடிதம்

மலாய் மொழியில் எழுதுங்கள். தெரியாவிட்டால் படித்த பிள்ளையிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். மண்டபத்திலேயே பாரம் இருக்கும். அதை நிரப்பி, கூட ஒரு பக்கக் கடிதம் இணைத்தால் போதும். பெயர், அடையாள அட்டை எண், லாட் எண், முக்கிம், வரைவில் பக்க எண், வரைபட எண். பிறகு என்ன மாற்ற வேண்டும் என்று ஒரே வாக்கியம். பிறகு காரணம்.

‘இந்தத் திட்டம் மக்களுக்கு விரோதமானது, நாங்கள் வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று எழுதினால் கோப்பில் ஒரு எண் போட்டு வைத்துவிடுவார்கள். அதை வைத்து அவர்கள் வரைபடத்தில் எந்தக் கோட்டை நகர்த்துவது? நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘தோட்டத்துச் சாலையோரப் பட்டைக்கு ஏக்கருக்கு 12 வீடு என்பதை 4 வீடாகக் குறைக்க வேண்டும். காரணம் ஒன்று: இந்தப் பட்டையில் பெரும்பாலும் மூன்று ரெலோங்குக்கு உட்பட்ட குடும்ப நிலங்கள், தேவை தனி வீடுதான். காரணம் இரண்டு: பட்டையின் மழைநீர் முழுதும் தாமானின் ஒரே கால்வாயில் விழுகிறது; படங்கள் இணைப்பில். நேரில் விளக்க வாய்ப்பு வேண்டுகிறேன்.’ கடைசி வரியை மறக்காதீர்கள். அதைக் கேட்காதவரை அழைக்க யாருக்கும் அவசரம் இல்லை.

ஒரே கடிதத்தை நூறு நகல் எடுத்து நூறு பேரிடம் கையெழுத்து வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதைவிட, பத்துப் பேர் தங்கள் தங்கள் லாட் எண்ணைப் போட்டுப் பத்துக் கடிதம் எழுதுவது எவ்வளவோ மேல். லயத்துக் குடும்பங்களுக்குக் கிரான் கிடையாது, லாட் எண் கிடையாது. அவர்களும் எழுதலாம். எத்தனை வீடு, எத்தனை வருடம், கோயில், ஆயாக் கொட்டகை எல்லாம் வரைபடத்தில் எந்த இடத்தில் இருக்கின்றன என்று எழுதச் சொன்னேன். அந்தக் கோயில் வரைபடத்திலேயே இல்லை. இல்லாத கோயிலுக்கு யார் இடம் ஒதுக்குவது?

விசாரணை நாளில் நேரம் குறைவாகவே கிடைக்கும். சொற்பொழிவு வேண்டாம். கால்வாய் பொங்குகிற படத்தை, தேதி தெரிய, பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். தாத்தா கதையைச் சொல்லிக் கண் கலங்க வைக்க நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிகாரிகளும் கலங்குவார்கள், குறிப்பேட்டில் ஒன்றும் எழுத மாட்டார்கள்.

கவுன்சில் உறுப்பினரைப் பிடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளாட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்தியதிலிருந்து இவர்கள் நியமன உறுப்பினர்கள். ஓட்டைக் காட்டி மிரட்ட முடியாது. ஆனால் 171-ஆம் சட்டம், உள்ளாட்சிச் சட்டம், 23-ஆவது பிரிவில் கவுன்சிலின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்கிறது. குழுக் கூட்டங்களுக்கு அது பொருந்தாது. பின் வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம், பேச முடியாது. நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். தெரிந்த முகம் உட்கார்ந்திருக்கிறது என்றால் உறுப்பினர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்.

நிறம் மாறியபின்

இது சுருக்கம், ஏனென்றால் இங்கிருந்து அளவையாளர் கூட வருவார். நிலத்தில் ஒரு செங்கல்கூட வைக்காமல் வெறும் கோடு போட்டுப் பிரிப்பதும் 172-ஆம் சட்டத்தில் ‘மேம்பாடு’தான். ஆகவே முதலில் கவுன்சிலின் ஓரிட மையத்தில், ஓஎஸ்சி என்பார்கள், திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பம். அங்கிருந்து சாலை, வடிகால், தண்ணீர், மின்சாரம் என்று ஒவ்வொரு துறைக்கும் கோப்பு போகும். அனுமதி கிடைத்தால் 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் நீட்டிப்பு வாங்க வேண்டும். மறுத்தால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக ஒரு மாதம்தான் உண்டு. கடிதத்தைப் பிரிக்காமல் சாமி மேடையில் வைத்துவிடாதீர்கள். அனுமதியே இல்லாமல் செய்தால் அபராதம் ஐந்து லட்சம் வெள்ளிவரை, சிறையும் உண்டு.

பிறகு நில அலுவலகம். பிரிப்புக்கு 9ஏ பாரம். நிபந்தனை மாற்றத்தையும் பிரிப்பையும் 124ஏ பிரிவில் ஒன்றாகவே கேட்கலாம். நிலத்தை அரசிடம் ஒப்படைத்துப் புதிய கிரானாகத் திரும்ப வாங்கும் வழியும் இருக்கிறது, 204டி. அந்த வழியில் நிரந்தரக் கிரான் 99 வருடக் குத்தகையாகத் திரும்பி வரக்கூடும். எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கிறோம் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிரீமியம், அதாவது மாற்றத்துக்காக அரசுக்குக் கட்டும் தொகை, எவ்வளவு என்பது மாநில விதிப்படி. அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் கட்டாவிட்டால் அங்கீகாரம் போய்விடும். எனவே நான்கு பேரும் ஆளுக்கு எவ்வளவு என்று முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி உறவு பிரீமியம் அறிவிப்பு வரும்வரைதான் இனிக்கும்.

இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று குறுக்கு வழி தேடுகிறவர்களுக்குத்தான் ‘லாட் லிடி’ காத்திருக்கிறது. விவசாய நிலத்தைத் துடைப்பக்குச்சி மாதிரி நீளநீளமாக வெட்டி, கல் நட்டு, ‘பங்களா லாட், கிரான் உண்டு’ என்று விற்பார்கள். என் பெரியம்மா மகன் ஐயாயிரம் சதுர அடி வாங்கினார். கிரானும் வந்தது. பார்த்தால் ஒரே கிரான், அதில் 38 பெயர், இவர் 31-ஆவது. யார் கல் யாருடையது என்று சட்டத்துக்குத் தெரியாது. ஒருவர் இறந்துபோனார், ஒருவர் கடன் வாங்கித் தலைமறைவு. மற்ற எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். கல்லைத் தோட்டத்துக்காரர் மாடு சொறிந்துகொள்ளப் பயன்படுத்துகிறது. விற்பவர் ‘அக்கா, கவலைப்படாதீங்க, பிறகு பிரிச்சுக்கலாம்’ என்றால், 0.4 ஹெக்டேர் கணக்கைக் கேளுங்கள். முகத்தைப் பாருங்கள்.

எங்கள் கடிதம் கொடுத்தாகிவிட்டது. இரண்டு நகல் கொண்டுபோய், ஒன்றில் ‘பெற்றுக்கொண்டோம்’ முத்திரையும் தேதியும் வாங்கினேன். ஊரிலிருந்து இதுவரை ஒன்பது பேர் கொடுத்திருக்கிறார்கள், அதில் லயத்துக் குடும்பம் இரண்டு. கடைசி நாள் இன்னும் பதினோரு நாளில். சிங்கப்பூரில் இருக்கும் சின்னத் தம்பி தானும் ஒரு கடிதம் கொடுக்கிறேன் என்று இரவு பஸ் பிடித்து வந்து, காலையில் கவுன்சில் வாசலில் நின்று போன் செய்தான், கதவு பூட்டியிருக்கிறது என்று. அன்று சனிக்கிழமை. கெடாவில் அரசாங்க ஆபீசுக்கு வெள்ளி, சனி விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். இங்கே பிறந்தவனுக்கே அது மறந்துவிட்டது. வா, இட்லி இருக்கிறது, நாளைக்குப் போகலாம் என்றேன்.